98.4 சதவீதம் என்று எப்படித் தெரியும்?

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக ஒரு டிசி–டிசி கன்வெர்ட்டர் (ஒரு டிசி வோல்டேஜை வேறொரு டிசி வோல்டேஜாக மாற்றும் சர்க்யூட்) செய்திருக்கிறேன். உள்ளே 1000 வாட், வெளியே 984 வாட். எஃபிஷியன்சி 98.4 சதவீதம் என்று எழுதினால், "அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது?" என்கிறார் கைடு.

பதில்: புள்ளி நான்கை விடுங்கள், அந்த 98-ஏ சந்தேகம்தான். உங்கள் பவர் மீட்டரின் பிழை ±0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வருவதில் 5 வாட் முன்பின் இருக்கலாம். வெளியே போவதிலும் ஏறக்குறைய அதே 5. நீங்கள் தேடுவதோ 16 வாட் இழப்பை. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணை எடுத்தால், இரண்டின் பிழையும் அந்தச் சின்ன எண்ணின் தலையில்தான் விழும். இழப்பு 6 வாட்டாகவும் இருக்கலாம், 26 வாட்டாகவும் இருக்கலாம். வோல்ட் தனியாக, ஆம்பியர் தனியாக மல்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முதலில் காசு செலவில்லாத திருத்தம்: வோல்டேஜ் அளக்கும் கம்பிகளைக் கன்வெர்ட்டரின் டெர்மினலிலேயே தனியாக இணையுங்கள். 10 ஆம்பியர் ஓடும் கம்பியில் 10 மில்லிஓம் இருந்தாலே 1 வாட் போய்விடும். அது உங்கள் கன்வெர்ட்டர் செய்த இழப்பல்ல. ஸ்விட்சை ஆன்-ஆஃப் செய்யும் கேட் டிரைவருக்குத் தனி சப்ளை கொடுத்திருந்தால், அந்த வாட்டைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

அதற்கும் மேல் துல்லியம் வேண்டுமானால் வெப்பத்தை அளப்பதுதான் வழி. கன்வெர்ட்டரை மட்டும் வெப்பக்காப்புள்ள பெட்டிக்குள் வைத்து (லோடு வெளியே இருக்கட்டும்) ஓட்டுங்கள். உள்வெப்பநிலை ஏறி நின்றதும், வெளியைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று குறியுங்கள். பிறகு அதே பெட்டிக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்து, அதே அளவு சூடேறும்வரை டிசி கொடுங்கள். அப்போது ரெசிஸ்டர் எடுக்கும் வாட்தான் உங்கள் இழப்பு. உள்ளே ஃபேன் இருந்தால் இரண்டு முறையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வெப்பம் நிலைக்க மணிக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டுப் பாதியில் குறித்தால் இழப்பு குறைவாகத் தெரியும். அந்தத் தவறு மட்டும் எப்போதும் நமக்குச் சாதகமாகவே அமையும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஆன் ஆகும்போது 130 மெகாஹெர்ட்ஸ் அருகே அலைவு தெரிகிறது. ஸ்னப்பர் (அலைவை அடக்கும் சிறு சர்க்யூட்) போட்டும் அடங்கவில்லை.

பதில்: அலைவது சர்க்யூட்டா, ஆஸிலாஸ்கோப்பின் ப்ரோபா? ப்ரோபோடு வரும் 15 செ.மீ. கிரவுண்ட் கம்பிக்கு ஏறக்குறைய 150 நானோஹென்றி இருக்கும். ப்ரோப் முனையின் 10 பிகோஃபாரடோடு சேர்ந்தால் அது அதிரும் இடம் சரியாக 130 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வருகிறது. ப்ரோப் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே தொட்டு வைத்துப் பாருங்கள். அப்போதும் திரையில் ஏதாவது தெரிந்தால் அது சிக்னல் இல்லை, கம்பி வளையம் வாங்கிய இரைச்சல். கம்பியைக் கழற்றிவிட்டு முனையோடு ஒட்டி நிற்கும் ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டிய பிறகு ஸ்னப்பரைப் பற்றி யோசிக்கலாம்.

கருவியின் வேகத்தையும் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலாஸ்கோப், 100 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் என்றால் ஒவ்வொன்றும் 3.5 நானோசெகண்ட் எழுநேரம் (சிக்னல் கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம்) உடையவை. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், உண்மையில் 5 நானோசெகண்டில் எழும் விளிம்பு உங்களுக்கு 7 என்று காட்டும்.

கேள்வி: சிமுலேஷனில் ஃபேஸ் மார்ஜின் (கண்ட்ரோல் லூப் ஊசலாடத் தொடங்கும் முன் மிச்சமிருக்கும் கோணம்) 60 டிகிரி. போர்டில் ஏற்றினால் கரண்ட் ஊசலாடுகிறது. ஸ்விட்சிங் 20 கிலோஹெர்ட்ஸ், கிராஸ்ஓவர் (லூப்பின் பெருக்கம் 1 ஆகும் அதிர்வெண்) 2 கிலோஹெர்ட்ஸ்.

பதில்: சிமுலேஷனில் கண்ட்ரோலர் நொடியும் தாமதிக்காமல் பதில் சொல்கிறது. போர்டில் கணக்குப் போட ஒரு ஸ்விட்சிங் சுற்று, ஸ்விட்சின் ஆன் நேரத்தை அமைக்கும் பிடபிள்யூஎம் அதை வெளியிட அரைச் சுற்று என ஒன்றரைச் சுற்றுத் தாமதம். 360 × 1.5 × 2/20 = 54 டிகிரி. மிச்சம் 6. ஊசலாடாமல் என்ன செய்யும்? கிராஸ்ஓவரை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் தாமதத்தின் பங்கு 27 டிகிரியாகும். வேகம் குறையக் கூடாது என்றால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சாம்பிள் எடுத்து டியூட்டியையும் (சுற்றில் ஆன் நேரத்தின் பங்கு) இரண்டு முறை புதுப்பியுங்கள், தாமதம் பாதியாகும். எதைச் செய்தாலும், தாமதத்தைச் சிமுலேஷனுக்குள் போட்டு அங்கே அதே ஊசலாட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: தலைப்பு முடிவு செய்யும் முன் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் படிக்க வேண்டும்?

பதில்: ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒரு வரைபடத்தை நீங்களே மீண்டும் வரவழைத்துப் பாருங்கள். இண்டக்டரின் கோர் எது, டெட் டைம் (இரண்டு ஸ்விட்சும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) எவ்வளவு என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாகத் தடுக்கும். தலைப்பு பெரும்பாலும் அந்தத் தடைகளில்தான் கிடைக்கும்.

கேள்வி: ஹை சைடு (மேல்பக்க) மாஸ்ஃபெட்டின் கேட் சிக்னலைப் பார்க்க, ஆஸிலாஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்களோ அந்த வோல்டேஜ் முழுவதும் ஆஸிலாஸ்கோப்பின் உலோகப் பாகங்களில் நிற்கும், நீங்கள் தொடுவதும் அதையே. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வோல்டேஜை மட்டும் அளக்கும் டிஃபரென்ஷியல் ப்ரோப் வாங்குங்கள்.