எழுதியவர்கள் அவர்களே

கேள்வி: ‘த கோ-கோஸ்’ என்ற அமெரிக்கப் பெண்கள் ராக் குழுவின் ‘பியூட்டி அண்ட் த பீட்’ ஆல்பத்தைச் சென்ற இதழில் வெகுவாகப் பாராட்டியிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். துள்ளல் தாளத்தில் சில விளையாட்டுப் பாடல்கள், அவ்வளவுதான். அவற்றையும் ஆண்கள் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். பெண்கள் என்பதற்காகச் சலுகை காட்டுகிறீர்களா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சலுகை காட்டவில்லை. யார் எழுதியது என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அதற்கு ரசனை எதுவும் தேவையில்லை, இசைத்தட்டில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படித்தாலே போதும். 1981 ஜூலையில் வெளியான அந்த ஆல்பத்தின் 11 பாடல்களில் பெரும்பாலானவை, முன்னணி கிதார் வாசித்த ஷார்லட் காஃபியும் ரிதம் கிதார் வாசித்த ஜேன் வீட்லினும் தனித்தனியாகவோ சேர்ந்தோ எழுதியவை. ‘கான்ட் ஸ்டாப் த வேர்ல்ட்’ பேஸ் கிதார் வாசித்த கேத்தி வேலன்டைன் ஒருவரே எழுதியது. பாடகி பெலிண்டா கார்லைலும் காஃபியுடன் சேர்ந்து ஒரு பாடலை எழுதியிருக்கிறார். ஆண்களின் பெயர் இடம்பெறுவது இரண்டே பாடல்களில், அங்கும் உடன் எழுதியவர்களாக மட்டும்தான். ஐந்து ஆண்கள் கொண்ட குழு ஒன்றின் ஆல்பமாக இது இருந்திருந்தால், எழுதிக் கொடுத்தவர் யார் என்று தேடத் தோன்றியிருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த இரண்டில் ஒன்றான ‘அவர் லிப்ஸ் ஆர் சீல்ட்’ பாடலையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ‘த ஸ்பெஷல்ஸ்’ குழுவின் பாடகர் டெரி ஹாலுக்கும் வீட்லினுக்கும் இடையே இருந்த, வெளியே சொல்ல முடியாத ஓர் உறவிலிருந்து பிறந்த பாடல் அது. ஹால் தபாலில் அனுப்பிய வரிகளை வைத்து வீட்லின் அதை முழுமையாக்கினார். ஊர் நம்மைப் பற்றிப் பேசுகிறது, பொய்களும் பரவுகின்றன, நாம் வாய் திறக்க வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளும் பாடலை கோ-கோஸ் குழுவினர் வெயிலடிக்கும் மெட்டில் பாடினார்கள். 1983-ல் ஹால் தம் ‘ஃபன் பாய் த்ரீ’ குழுவுடன் அதையே மெதுவாக, இருண்ட குரலில் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடலின் சுமை இரண்டிலும் ஒன்றுதான். பெண்கள் அந்தச் சுமையைச் சிரித்த முகத்துடன் தூக்கியதால், சுமையே இல்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள்.

‘திஸ் டவுன்’ பாடலிலும் இதே போலத்தான் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். தங்கள் ஊரான லாஸ் ஏஞ்சலஸின் பகட்டைப் பெருமையடித்துக்கொண்டே தொடங்கும் அந்தப் பாட்டு, புகழ் போன நட்சத்திரங்கள் ஓய்ந்துபோன கார்களைப் போலத் தெருக்களில் கிடப்பதையும் அதே மூச்சில் காட்டிவிடுகிறது. ஓர் ஊரை உள்ளிருந்து நேசிப்பவரால்தான் அப்படி எழுத முடியும். ‘லஸ்ட் டு லவ்’ பாடலில் பேசும் பெண், காதலை வேட்டையாகக் கருதி, வென்றதும் விட்டுவிட்டுப் போகும் துணிச்சலோடு புறப்பட்டவள். அந்த ஆட்டத்தில் அவளே காதலில் விழுந்து தோற்றுப்போவதை எந்த ஒப்பாரியும் இல்லாமல் சொல்கிறாள். ராக் இசையில் வேட்டைக்காரனின் இடம் வெகுகாலம் ஆணுக்கே உரியதாக இருந்ததை அறிந்தவர்கள், இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். என் கணக்கில் ஆல்பத்தின் மிகச் சிறந்த பாடல் இதுவே.

துள்ளல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘வி காட் த பீட்’ துள்ளலுக்காகவே காஃபி எழுதியது. ஆனால் தொடக்கத்தில் தனியாக ஒலிக்கும் டிரம்ஸைக் கவனியுங்கள். ஜினா ஷாக்கின் கைகள் பிடித்த அந்த வேகம் கடைசிவரை தளர்வதில்லை. 1978-ல் லாஸ் ஏஞ்சலஸில், பங்க் என்ற கரடுமுரடான ராக் இசை ஒலித்த அரங்குகளில் வாசிக்கவே தெரியாமல் தொடங்கிய குழு, ஒத்திகை ஒத்திகையாக உழைத்து அந்த இறுக்கத்தை எட்டியது. பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்றபோது ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பம், 1982 மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஆல்பத் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து ஆறு வாரங்கள் அங்கேயே நின்றது. பாடல்களைத் தாங்களே எழுதி, கருவிகளையும் தாங்களே வாசித்த ஒரு பெண்கள் குழு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

இந்த ஆல்பத்தில் குறையே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. தயாரிப்பாளர்கள் ரிச்சர்ட் காட்டெரரும் ராப் ஃப்ரீமனும் பாடல்களின் வேகத்தைக் குறைத்து, பங்க் இசையின் கரடுமுரடை நன்றாகவே இழைத்துவிட்டார்கள். முடிந்த ஆல்பத்தைக் கேட்டபோது குழுவினரே மனம் வருந்தினார்கள். ‘ஸ்கிட்மார்க்ஸ் ஆன் மை ஹார்ட்’ பாடலில், தன்னைவிடக் காரை நேசிக்கும் காதலனைப் பற்றிய உவமை வேண்டிய அளவுக்கு மேல் நீள்கிறது. இப்படி ஒரு பாடலைக் குறிப்பிட்டு, இன்ன இடத்தில் மெட்டு தளர்கிறது, இன்ன வரி பொருந்தவில்லை என்று எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதத்தை முழுமையாக வெளியிடுகிறேன்.