வில்சனைக் கவிழ்த்தது யார்?

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்ததும் நிரந்தர அமைதிக்காக உடலை வருத்தி உழைத்த அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனை, அவருடைய நாட்டு செனட்டே கவிழ்த்துவிட்டதே! நல்லவர்களுக்குக் காலமில்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உழைத்தார், மறுக்கவில்லை. இனிப் போர் மூளாமல் தடுக்க அவர் கனவு கண்ட நாடுகளின் கூட்டமைப்பான சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு தேடி 1919 செப்டம்பரில் ரயிலேறியவர், 22 நாட்களில் ஏறத்தாழ 8,000 மைல் சுற்றினார். கொலராடோ மாநிலத்தின் பியூப்லோவில் பேசிய இரவே உடம்பு சாய்ந்தது. அக்டோபர் 2-ல் வாதம் இடது பக்கத்தை இழுத்துக்கொண்டது. டிசம்பரில், ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கவே இரண்டு செனட்டர்கள் வந்தார்கள். செயலிழந்த இடது கை போர்வைக்குள் மறைந்திருந்தது. எதிர்முகாமைச் சேர்ந்த ஃபால், "உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறோம்" என்றாராம். "எந்தப் பக்கமாக, செனட்டர்?" என்று கேட்டாராம் வில்சன். பேச்சின் கூர்மை குறையவில்லை!

ஆனால், கவிழ்த்தது யார்? போரை முடித்துவைத்த வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குள்தான் அந்தச் சங்கமும் இருந்தது; அதை அமெரிக்கா ஏற்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1920 மார்ச் 19 வாக்கெடுப்பில், செனட்டில் எதிர்முகாமான குடியரசுக் கட்சியின் தலைவர் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு வந்த உடன்படிக்கைக்கு ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு ஓட்டு குறைவு. எதிர்த்த 35 பேரில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள்! நிபந்தனை ஒட்டிய உடன்படிக்கையை ஏற்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தவர் அவரேதான். அந்த நிபந்தனைகளில் முக்கியமானது என்ன? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதிக்காமல் பிற நாட்டைக் காக்கப் படை அனுப்பும் கடமை இல்லை என்பது. போர்ப் பிரகடனம் காங்கிரஸின் அதிகாரம் என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது.

லாட்ஜும் லேசுப்பட்டவர் அல்ல. காலம் கடத்துவதற்காக, உடன்படிக்கை முழுவதையும் குழு அறையில் இரண்டு வாரம் உரக்கப் படித்தார், கேட்கத்தான் ஆளில்லை. அவர்மீது வில்சனுக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. ஆனால், பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பானுக்காகச் சீனாவின் ஷாண்டுங் மாகாண உரிமைகளையே விட்டுக்கொடுத்தவர், ஜெர்மனி தர வேண்டிய போர் இழப்பீட்டில் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் இறங்கிப் போனவர், உள்ளூர் லாட்ஜிடம் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். பாரிஸுக்குப் புறப்பட்டபோது எதிர்க்கட்சி செனட்டர் ஒருவரையாவது உடன் அழைத்துப் போயிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு இதை முடித்துவிடுங்களேன் என்று மனைவி ஈடித்தே கெஞ்சிப் பார்த்தார். "நீயும் என்னைக் கைவிட்டுவிடாதே" என்றார் வில்சன். ஈடித் அதற்குமேல் பேசவில்லை.