நுளம்பு கடித்தால் பிள்ளையின் கைகால் அளவுக்கு மீறி வீங்குகிறது, என்ன செய்யலாம்?

நுவரெலியாவிலிருந்து மூன்று மாதங்களுக்கு முன் கொழும்புக்குக் குடிவந்ததாகவும், நுளம்பு கடிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் நான்கு வயது மகளின் கையோ காலோ தேசிக்காய் அளவுக்கு வீங்கிச் சில வேளைகளில் நீர்க்கொப்புளம் போடுவதாகவும், அன்றிரவே உடம்பு சுடுவதாகவும், இரண்டு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தும் அடுத்த கடியில் அதே நிலை திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் மகனுக்கு மூன்று வயதிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை இதே தொல்லை இருந்தது. நான் வைத்தியர் அல்ல. வெள்ளவத்தையில் கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு தொடர்மாடியில் வசிக்கும் தாய். அந்த ஐந்து ஆண்டுகளில் வைத்தியர்களிடம் கேட்டும் வீட்டில் கவனித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதன்முறை அவனுக்குக் கண் இமையில் கடித்தது. பாலர் பாடசாலையிலிருந்து நன்றாக வந்த பிள்ளைக்கு மாலையாகும்போது ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. அருகிலிருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் கிருமித்தொற்று என்று சொல்லி அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். நான்காம் ஐந்தாம் நாளில் வீக்கம் வற்றியபோது மருந்து வேலை செய்துவிட்டது என்றே நாங்கள் நம்பினோம். இரண்டு மாதங்களுக்குள் அப்படி மூன்று தடவை மருந்து கொடுத்தோம். பிறகு வேறொரு சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் போனபோது, அவர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடித்தது எத்தனை மணிக்கு, வீங்கத் தொடங்கியது எத்தனை மணிக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கடியிலிருந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அன்றே ஒரு கொப்பியை எடுத்தேன். கடித்த நேரம், உடம்பில் எந்த இடம், வீங்கத் தொடங்கிய நேரம் என்று எழுதி, சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் தோலிலேயே ஒரு கோடும் போட்டுவைத்தேன். நான்கைந்து கடிகளுக்குள் ஒழுங்கு தெரியத் தொடங்கியது. நான்கு மணிக்குக் கடித்தால் எட்டு மணிக்குள் வீக்கம், மறுநாள் அதன் உச்சம், மூன்றாம் நாளிலிருந்து இறக்கம். நாங்கள் மருந்துக்குக் கொடுத்த பெருமையெல்லாம் உண்மையில் நாட்களுக்கே உரியது என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கேள்வியின் பெறுமதியை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரத்தம் குடிக்கும் பெண் நுளம்பு, இரத்தம் உறையாமலும் நாளங்கள் சுருங்காமலும் இருக்கும்பொருட்டுத் தன் உமிழ்நீரை நம் தோலுக்குள் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்களை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு எதிரியாகக் கொள்வதே இந்த ஒவ்வாமை. பெரும்பாலானோருக்கு வரும் சிறு தடிப்பு சுமார் இருபது நிமிடங்களில் உச்சத்தை அடைகிறது. அதன்பின் வரும் கடினமான, சொறியத் தூண்டும் கட்டி ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து உச்சமடைகிறது. சில பிள்ளைகளிடம் இது மிகப் பெரிதாகி, சில மணி நேரத்திலேயே கையும் முகமும் வீங்கிக் காய்ச்சலும் வருவதுண்டு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸும் சிகாங் பெங்கும் 1999 இல் இதை விவரித்து, 'ஸ்கீட்டர் சின்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். பார்ப்பதற்கு இது தோலின் கிருமித்தொற்றைப் போலவே சிவந்து, சூடாக, அழுத்தமாக இருப்பதால்தான் அன்டிபயோட்டிக் மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. ஒவ்வாமை வீக்கம் பெரும்பாலும் கடித்த சில மணி நேரத்திலேயே எழும்பும். அதில் நோவைவிடக் கடியே அதிகம். (எங்கள் பேச்சில் நுளம்பு செய்வதும் கடி, அதன்பின் தோல் அரிப்பதும் கடி; வைத்தியரிடம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.) கிருமித்தொற்று பொதுவாக ஓரிரு நாள் கழித்து, சொறிந்து புண்ணான இடத்தில் தொடங்கி, நோவும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடிப் பரவும். நீங்கள் வரைந்த கோட்டை இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு தாண்டிக்கொண்டே போனால், சீழ் வந்தால், சிவப்புக் கீற்று மேல்நோக்கி ஏறினால், அப்போது அன்டிபயோட்டிக் உண்மையிலேயே தேவைப்படலாம். அதைத் தாமதிக்கக் கூடாது.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒன்றும் உண்டு. கென்னத் மெலன்பி என்ற பிரித்தானியப் பூச்சியியலாளர், மனித உடல் நுளம்புக் கடிக்குப் படிப்படியாகப் பழகுகிறது என்று 1946 இல் எழுதினார். ஒருபோதும் கடிபடாதவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு தாமதித்து வரும் கட்டி மட்டும். அதன்பின் உடனடித் தடிப்பும் கட்டியும் சேர்ந்து. தொடர்ந்து கடிபட்டால் உடனடித் தடிப்பு மட்டும். கடைசியில் எதுவுமே இல்லாத நிலை. நுவரெலியாவின் குளிரில் நுளம்பு குறைவு என்பதால், உங்கள் மகள் இந்தப் படிகளை இங்கு வந்துதான் ஏறத் தொடங்கியிருக்கிறாள் என்றே நினைக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது கூடக்கூட இது தணிகிறது. ஆனால் பழகட்டும் என்று கடிக்க விட்டுவிட முடியாது; இது கொழும்பு, இங்கே டெங்கு இருக்கிறது.

கடித்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதே அதிகம் உதவும். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, மெல்லிய துவாயில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கையோ காலோ என்றால் தலையணையில் உயர்த்தி வையுங்கள். எங்கள் வைத்தியர் ஒவ்வாமைக்கான செட்டிரிசின் பாணியை அவனுடைய வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில் எழுதித் தந்து, கடித்தது தெரிந்தவுடன் கொடுக்கச் சொன்னார். மழைக்காலத்தில் கடி அதிகமாகும் வாரங்களில் முன்கூட்டியே தினமும் கொடுக்கும்படி சொன்ன காலமும் உண்டு. அது உங்கள் வைத்தியர் முடிவுசெய்ய வேண்டியது. அதே வகையைச் சேர்ந்த பழைய குளோர்பெனிரமின் மருந்து பல வீடுகளில் எப்போதும் இருக்கும். அது பிள்ளையைத் தூங்க வைத்துவிடும் என்பதால் பகலில் கொடுப்பதை நான் விரும்பவில்லை. கட்டியின் மேல் மட்டும், வைத்தியர் சொன்ன ஸ்டீரொயிட் கிறீமை மெல்லியதாக இரண்டு மூன்று நாள் பூசினோம். பாமசியில் கேட்டால் ஸ்டீரொயிட், பூஞ்சை மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்த குழாயை எடுத்துத் தருவார்கள். பிள்ளையின் முகத்தில் அதைப் பூச வேண்டாம். நகங்களைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் மூடிவையுங்கள்.

என் மாமி மிகுந்த அன்போடு சுண்ணாம்பு தடவச் சொன்னார். ஒரு முறை தேசிக்காய்ப் புளியும் தேய்த்தார். சுண்ணாம்பு காரம் கூடியது, பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது தீக்காயம் போன்ற கொப்புளமும், மாதக்கணக்கில் மாறாத கறுப்புத் தழும்பும் வரக்கூடும். அதை விளக்கிச் சொன்னபோது மாமி உடனே ஏற்றுக்கொண்டார். ஐஸ் வைப்பதை அதன்பின் அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார்.

காய்ச்சல் பற்றி மிகக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. நுளம்பு கடித்த அன்றிரவே வரும் காய்ச்சல் அந்தக் கடியால் வந்த டெங்கு அல்ல. டெங்கு வைரசு உடலுக்குள் வந்து காய்ச்சலாக வெளிப்பட நான்கிலிருந்து பத்து நாள் வரை ஆகும். ஆனால் போன வாரம் கடித்த இன்னொரு நுளம்பு அதைத் தந்திருக்கலாம். காலில் வீக்கம் இருக்கிறது, ஆகவே காய்ச்சலும் அதனால்தான் என்று முடிவெடுப்பது இந்த ஊரில் ஆபத்தானது. 2017 இல் மட்டும் இலங்கையில் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 186,101 பேர். அதனால் நாங்கள் வீட்டில் வைத்திருந்த விதி இது: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். வீக்கத்துக்கும் நோவுக்கும் நல்லது என்று யார் சொன்னாலும் ஐபுபுரோஃபன், அஸ்பிரின், டைக்ளோஃபெனக் எதுவும் இல்லை, ஏனென்றால் டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இரண்டு நாள் கடந்தால் இரத்தப் பரிசோதனை. ஸ்டீரொயிட் மாத்திரை, வைத்தியர் நேரில் பார்த்துத் தந்தாலன்றி, இல்லை.

தடுப்பைப் பொறுத்தவரை, இரவு வலை போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைவது பாதி வேலைதான். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையில் சூரியன் எழுந்த பின்னும் மாலையில் மறையும் முன்னும், கடிக்கிறது. கானிலும் கால்வாயிலும் பெருகும் கியூலெக்ஸ் இரவில் வருகிறது. ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். பாடசாலைக்குப் போகும்போது நீளக்கை சட்டையும், வெளியே தெரியும் தோலில் விரட்டி மருந்தும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டீட் கலந்த விரட்டியைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு முப்பது வீதத்துக்கு மேல் வேண்டாம். வாய்க்குப் போகும் விரல்களிலும் கண்ணருகிலும் காயத்திலும் பூசாமல், வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். பிகாரிடின் கலந்த விரட்டியும் நல்லது. சிட்ரனெல்லா எண்ணெய் நம் நாட்டுப் பொருள், எனக்கும் அந்த வாசம் பிடிக்கும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால், ஒவ்வொரு கடிக்கும் இப்படி வீங்கும் பிள்ளைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. நுளம்புத் திரியை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஒவ்வாமை உடம்புள்ள பிள்ளைக்கு மூச்சிரைப்பும் இருக்கக்கூடும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பது எங்கள் வழக்கம். பூச்சாடித் தட்டு, பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் வடியும் தட்டு, கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியின் மூடி. முட்டை நுளம்பாக மாற ஏழிலிருந்து பத்து நாள் வரை ஆவதால் வாரம் ஒரு முறை பார்த்தால் தப்பவிட மாட்டோம். ஊற்றிவிடுவது மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈடிஸ் முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொடர்மாடியில் கீழ்வீட்டாரும் செய்யாவிட்டால் பயனில்லை என்பதால், நானே போய்ப் பேசினேன். பிள்ளையின் மூடிய கண்ணின் படத்தைக் காட்டியதும் யாரும் மறுக்கவில்லை.

அரிதென்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கடித்த இடத்தில் அல்லாமல் உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எதையாவது கண்டால் பாணி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸை உடனே அழையுங்கள். அதற்கான மருந்து அட்ரினலின் ஊசி.

நுளம்பு ஒவ்வாமைக்கு எளிதில் செய்யக்கூடிய நம்பகமான இரத்தப் பரிசோதனை இல்லை; அதைத் தேடி அலைய வேண்டாம். வைத்தியர் பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்து வரும் விவரத்தைக் கொண்டே இதைக் கண்டுபிடிப்பார். அடுத்த முறை போகும்போது நேரம் குறித்த கொப்பியையும், முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள் என ஒரே இடத்தை எடுத்த படங்களையும், இதுவரை கொடுத்த அன்டிபயோட்டிக்குகளின் பெயர்களையும் கொண்டுபோங்கள். பாலர் பாடசாலை ஆசிரியையிடமும், பிள்ளையைக் கடித்தால் மணியைப் பார்த்து ஒரு துண்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என் மகனின் ஆசிரியை இரண்டு ஆண்டுகள் தவறாமல் அதைச் செய்தார்.