பேருந்துப் பயணத்தைப் படமாக வரைவது: கேள்வி பதில்

11 வருஷமாகப் பேருந்துத் தரவைப் படமாக்குவதுதான் என் வேலை. டிக்கெட் மெஷின் பதிவு, ஜிபிஎஸ் தடம், நிறுத்தத்தில் நின்று ஆள் எண்ணிய தாள் என்று எதையும் விட்டதில்லை. ஏற்கெனவே வரைந்த படங்களை எப்படித் திருத்தி வரையலாம் என்று நிறையப் பேர் கேட்டதால் இன்று மாலை உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் படம் எண்ணுவது பேருந்தையா, பயணியையா?

கேள்வி (பொறியியல் இறுதியாண்டு மாணவி, சென்னை): அக்கா, எம்டிசி (சென்னை மாநகரப் பேருந்து) வழித்தடங்களை எல்லாம் நகர வரைபடத்தின் மேல் கோடாகப் போட்டேன். கூட்டத்துக்கு ஏற்ப கோட்டின் தடிமன். அண்ணா சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: யோசனையில் தவறில்லை. தடிமனால் கூட்டத்தைக் காட்டுவது ரயில் பரவத் தொடங்கிய காலத்திலிருந்தே வருவது. 1837இல் அயர்லாந்தில் ஹார்னஸ் என்ற ராணுவப் பொறியாளர் வரைந்தார். 1845இல் பிரான்சில் மினார் என்ற பொறியாளர், டிஜோனுக்கும் முல்ஹவுசுக்கும் நடுவே பொதுக் குதிரை வண்டிகளில் போன பயணிகளை இப்படித்தான் பட்டைகளாகப் போட்டார். ரயில் பாதையை எந்த ஊர் வழியாகக் கொண்டுபோவது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கேள்விக்கு அந்த ஒரு படம்.

உன் படத்தில் கேள்வி எங்கே? நகரத்தின் எல்லாப் பயணமும் ஒரே தாளில் வந்தால் அண்ணா சாலையில் கூட்டம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது சென்னையில் எல்லாருக்கும் தெரிந்த சேதி.

மூன்று வழி சொல்கிறேன். ஒரு நிறுத்தத்தை மட்டும் எடு. அங்கே ஏறுபவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று மட்டும் காட்டு. மற்றதெல்லாம் வெளிர் சாம்பல் நிறத்தில் பின்னால் போகட்டும். அல்லது ஒரு வழித்தடத்தை எடு. 29சி என்று வை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை அது எத்தனை இடத்தில் வளைந்தாலும் படத்தில் நேர்க்கோடாக நீட்டிவிடு. பயணிக்கு அது ஒரு வரிசைதான்: இந்த நிறுத்தம், அடுத்த நிறுத்தம், அதற்கடுத்தது. கோட்டுக்கு மேலே ஏறியவர்கள், கீழே இறங்கியவர்கள், நடுவில் வண்டிக்குள் நிற்கும் கூட்டம். மூன்றாவது வழி, ஒரே வரைபடத்தைச் சிறிதாக்கிக் காலை, மதியம், மாலை, இரவு என்று நாலு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. நாலுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் போட்டால் இரவு 10 மணியும் காலை 8 மணி போலத் தெரியும்.

உன்னுடையது இறுதியாண்டு வேலை என்பதால் இரண்டாவதைச் செய். ஒரே வழித்தடம் போதும், ஆழமாகப் போ.

கேள்வி (திருச்சி): இதற்கு எந்த மென்பொருள் நல்லது?

பதில்: வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், இலவசம். மற்றதற்கு உங்கள் கைக்குப் பழகியது எதுவானாலும் சரி. முதல் வரைவு மட்டும் பென்சிலில் இருக்கட்டும்.

கேள்வி (சிங்கப்பூர்): எல்டிஏவின் (இங்குள்ள போக்குவரத்து ஆணையம்) டேட்டாமால் தரவுத்தளத்தில் மாதந்தோறும் வரும் நிறுத்தம்-டு-நிறுத்தம் (எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள்) கோப்பை வைத்து வரைகிறேன். சில ஜோடிகளில் காலை 7 மணிக்கே எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. அத்தனை பேர் எப்படி ஒரு மணி நேரத்தில் போக முடியும்?

பதில்: போகவில்லை. அது மாதக் கூட்டுத்தொகை. அந்த மாதத்தின் எல்லா வேலைநாளிலும் 7 மணிக்கு ஏறியவர்கள் ஒரே வரியில் வருகிறார்கள். அந்த மாதத்தில் 22 வேலைநாள், எண் 6,600 என்றால் ஒரு நாளைக்கு 300 பேர். வகுக்காமல் வரைந்தவர்கள் ஏராளம், அதை நம்பியவர்கள் இன்னும் ஏராளம். இரண்டு மாதத்தை ஒப்பிடுபவர்கள் வேலைநாள் எண்ணிக்கையைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டு விடுமுறை விழுந்த மாதத்தைப் பார்த்துப் 'பயணம் சரிந்தது' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பில் நாள் வகை இரண்டுதான்: வேலைநாள், வார இறுதியும் விடுமுறையும். சனியும் ஞாயிறும் ஒரே பையில். லிட்டில் இந்தியாவை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு மாலை அங்குள்ள தேக்காவுக்கு வரும் நம் ஊர்த் தொழிலாளர் கூட்டம் சனியோடு கலந்து பாதியாகக் கரைந்துவிடும். விடுதிகளிலிருந்து தனியார் பேருந்தில் வருபவர்கள், கார்டு தட்டுவதால் சேரும் இந்தப் பதிவில் இருக்கவே மாட்டார்கள். படத்தின் அடியில் இதைச் சின்ன எழுத்தில் போட்டால் போதாது. தலைப்பிலேயே 'பொதுப் பேருந்தில், கார்டு தட்டிய பயணங்கள்' என்று எழுதுங்கள்.

கேள்வி (கோவை): எங்கள் பக்கத்து வழித்தடம் பற்றி ஒரு அறிக்கை பார்த்தேன். வண்டிக்குச் சராசரி 50 பேர் என்று அழகான பட்டைப் படம். ஆனால் நான் ஏறும் வண்டியில் கால் வைக்க இடமில்லை. யார் சொல்வது பொய்?

பதில்: இரண்டும் உண்மை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 90 பேர், இன்னொன்றில் 10 பேர். வண்டிக்குச் சராசரி 50. இப்போது அந்த 100 பேரையும் கூப்பிட்டு 'உன் வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்?' என்று கேளுங்கள். 90 பேர் 90 என்பார்கள், 10 பேர் 10 என்பார்கள். கூட்டி வகுத்தால் 82. வண்டியின் சராசரி 50, பயணியின் சராசரி 82. படத்தில் 50ஐப் போட்டவர் கணக்கில் தப்புச் செய்யவில்லை. நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே சராசரிப் பட்டையை எடுத்துவிட்டு வண்டியின் ஒவ்வொரு நடைக்கும் (ஓட்டத்துக்கும்) ஒரு புள்ளி வையுங்கள். கிடையாக நேரம், உயரத்தில் கூட்டம். இருக்கை எண்ணிக்கைக்கு ஒரு கோடு. எத்தனை புள்ளி கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று கண்ணே எண்ணிவிடும். இன்னொன்று: ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவர் எந்தப் பதிவிலும் வரமாட்டார். டிக்கெட் தரவு காட்டுவது ஏறியவர்களை மட்டும்தான். தேவையைக் காட்டுகிறது என்று எழுதாதீர்கள்.

கேள்வி (மதுரை): எந்த மென்பொருளில் செய்தால் இந்த மாதிரி வரும் மேடம்?

பதில்: திருச்சி நண்பருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (ஓய்வுபெற்ற நடத்துநர், சென்னை): அம்மா, எல்லாம் சரி. நீங்கள் எல்லாரும் டிக்கெட் மெஷின் சொல்லும் இடத்தில்தான் ஜனம் ஏறியதாக வரைகிறீர்கள். கூட்ட நேரத்தில் ஆள் ஏறி மூன்று ஸ்டாப் தாண்டித்தான் காசு என் கைக்கு வரும். கைமாறிக் கைமாறி வரும். நான் மெஷினில் ஸ்டேஜ் (சில நிறுத்தங்கள் சேர்ந்த கட்டணக் கட்டம்) மாற்ற மறந்தால் எல்லா டிக்கெட்டும் பழைய ஸ்டேஜிலேயே விழும்.

பதில்: ஐயா, இதைச் சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்தது. என் கதையைச் சொல்கிறேன். ஆறு வருஷம் முன்பு ஒரு வழித்தடத்துக்கு வரைந்தேன். ஒரு மேம்பாலம் இறங்கியதும் வரும் நிறுத்தத்தில் பெரிய வட்டம், அந்தத் தடத்திலேயே அதிகக் கூட்டம் என்று. நம்பிக்கையில்லாமல் காலை 8 மணிக்கு அங்கே போய் நின்றேன். நிழற்குடையில் இரண்டு பேர், ஓரத்தில் பூக்கட்டும் அம்மா. அந்த அம்மாதான் சொன்னார், 'இங்கே யார் ஏறுறா? எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்.' விஷயம் என்னவென்றால் பாலத்தின் மேல் வண்டி நிற்காது. நடத்துநருக்குக் கிடைக்கும் ஒரே நிம்மதியான மூன்று நிமிஷம் அது. டிக்கெட் எல்லாம் அங்கேதான் கிழிகிறது. அதை நான் பாலம் இறங்கிய இடத்துக்குக் கணக்கு எழுதியிருந்தேன்.

கேள்வி (தரவுப் பொறியாளர், பெங்களூரு): லட்சக்கணக்கில் டிக்கெட் இருக்கும்போது இந்தச் சின்னப் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடாதா?

பதில்: செய்யாது. முன்னும் பின்னுமாகச் சிதறும் பிழைதான் சமனாகும். டிக்கெட் ஏறிய பிறகுதான் அடிக்கப்படும், ஏறுவதற்கு முன் யாரும் அடிப்பதில்லை. தாமதமாக அடிப்பதால் வரும் பிழை எப்போதும் ஒரே பக்கம், வண்டி போகும் பக்கம். லட்சம் டிக்கெட் சேர்ந்தால் லட்சமும் ஒரே பக்கம் சாயும்.

நடத்துநர்: கூட்டம் அதிகமானால் சாய்வும் அதிகம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் ஏறிய இடத்திலேயே டிக்கெட் கொடுத்துவிடுவேன். காலையில் முடியாது.

பெங்களூரு: அப்படியானால் எல்லாவற்றையும் இரண்டு நிறுத்தம் பின்னால் நகர்த்திவிடலாமே?

நடத்துநர்: எந்த இரண்டு நிறுத்தம் தம்பி? முன்வாசலில் ஏறியவருக்கு ஒன்று, பின்வாசலில் ஏறியவருக்கு ஒன்று.

பதில்: ஐயா சொல்வதுதான் சரி, ஒரே அளவாக நகர்த்த முடியாது. நான் இப்போது செய்வது இது: நிறுத்தவாரியாக வட்டம் வைப்பதையே விட்டுவிட்டேன். ஸ்டேஜ்வாரியாகப் பட்டை வைக்கிறேன், ஒரு ஸ்டேஜுக்குள் எங்கே ஏறினார்கள் என்று சொல்வதில்லை. நிறுத்தம் வரை சொல்லியே ஆகவேண்டும் என்றால் நாலைந்து நடைகளில் வாசலருகே உட்கார்ந்து கையால் எண்ணி அந்த விகிதத்தைக் கொண்டு பிரிக்கிறேன். மதியத்துக்கும் காலைக்கும் வேறு வேறு விகிதம். மாத பாஸ்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் டிக்கெட்டே வாங்குவதில்லை, அவர்களையும் இந்தக் கை எண்ணிக்கைதான் காப்பாற்றும்.

கேள்வி (தாம்பரம்): 21ஜி அரை மணி நேரம் வராது, வந்தால் இரண்டு சேர்ந்து வரும். இதை எப்படிப் படமாகக் காட்டிப் புகார் கொடுப்பது?

பதில்: கிடையாக நேரம், நெடுக்காக நிறுத்தங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வண்டி சிக்னலில் நின்றால் கோடு படுத்துவிடும், வேகமாகப் போனால் நிமிரும். 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் ரயில் அட்டவணையை இப்படி வரைந்தார்கள். நம் ரயில்வே கன்ட்ரோல் அறைகளும் இதே முறையில்தான் வண்டிகளைக் கண்காணிக்கின்றன. ஒரே இடைவெளியில் கிளம்பிய கோடுகள் நடுவழியில் நெருங்கி ஒட்டிக்கொள்வது உங்களுக்குக் கண்ணாரத் தெரியும்.

காத்திருப்புக்குக் கணக்கும் போடுங்கள். மணிக்கு 6 வண்டி, 10 நிமிஷத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம். அதே 6 வண்டி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடியாக வந்தால் 10 நிமிஷம். 'மணிக்கு 6 சேவை' என்ற அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்தான். மறுபடியும் சொல்கிறேன், பயணி நிற்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி (சேலம்): கூட்டத்துக்குச் சிவப்பு, காலிக்குப் பச்சை சரிதானே?

பதில்: செயலியில் மூன்று நிலை காட்டப் போதும். வரைபடத்தில் வேண்டாம், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசம். ஒரே நிறம், வெளிரிலிருந்து அடர்த்திக்கு.

கேள்வி (வேலூர்): மகளிர் இலவசப் பயணம் வந்த பிறகு பெண்கள் பயணம் எத்தனை மடங்கு கூடியது என்று 2021க்கு முன், பின் என ஒரு படம் போட வேண்டும்.

பதில்: போட முடியாது. 2021 மே மாதத்துக்கு முன் அடித்த டிக்கெட்டில் ஆணா பெண்ணா என்ற பதிவே கிடையாது. பின்னால் வந்தது கட்டணமில்லாச் சீட்டு, அதனால் எண்ண முடிகிறது. இடது பக்கம் வெறுமையாக இருக்கும் படத்துக்கு ஊகத்தை நிரப்பாதீர்கள். திட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளை மட்டும் வரையுங்கள். அதிலும் எண்ணுவது பயணங்களை. காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு பெண் இரண்டு பயணம். இந்தச் சீட்டு சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும் என்பதையும் எழுதுங்கள். எனக்குப் பிடித்த படம் இதில் மணிவாரியானது. பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே யார் போகிறார்கள் என்று பாருங்கள். மதியம் வண்டியைக் குறைக்கலாம் என்று சொல்பவர்களிடம் அதைக் காட்டுங்கள்.

கேள்வி (ஈரோடு): டிக்கெட் விலை ஏறுமா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (ஓசூர்): மென்பொருள் பெயர் சொல்லவில்லையே?

பதில்: இரண்டு தடவை பதில் இருக்கிறது, மேலே போய்ப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, இஞ்ச எங்களிட்டத் தரவே இல்லை. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்சும் தனியார் பஸ்சும் ஒரே றோட்டில ஓடுது. எங்க தொடங்கிறது?

பதில்: நீங்கள்தான் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள், தவறான தரவை நம்ப வேண்டிய அவசியமில்லை. பருத்தித்துறை வழியை எடுங்கள். வாசலுக்கு ஒருவராக இரண்டு பேர் ஏறுங்கள். தாளில் நிறுத்தப் பெயர், நேரம், ஏறியோர், இறங்கியோர் என்று நாலே பத்தி. தாளில் முந்தைய வரியில் வந்த எண்ணிக்கையோடு ஏறியோரைக் கூட்டி இறங்கியோரைக் கழித்தால் உள்ளே இருப்பவர்கள். கடைசி நிறுத்தத்தில் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ விட்டிருக்கிறீர்கள். காலை, மதியம், மாலை என்று ஒரு வாரம் செய்யுங்கள். இ.போ.ச.வையும் தனியாரையும் ஒரே படத்தில், இரண்டு நிறத்தில்.

நடத்துநர்: அம்மா, கடைசியாக ஒன்று. என்னிடம் பழைய நோட்டுகள் இருக்கின்றன. நடைவாரியாக, ஸ்டேஜ்வாரியாக டிக்கெட் நம்பர் எழுதி வைத்தது. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறாள் வீட்டில்.

பதில்: ஐயா, போட்டுவிடாதீர்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள், வழித்தட எண்ணும் தேதியும் தெரியும்படி. எந்த ஸ்டேஜில் கூட்டத்தால் தாமதமாக அடித்தீர்கள் என்று நினைவிருந்தால் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு எடுங்கள். வரும் ஞாயிறு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.