ஐந்தில் ஒரு பங்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நம் ஊர் மொகல் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இந்த ஆண்டுதான் யாங்கோன் திரும்பினேன். அங்கே விடுதியில் இருந்தபோது முதலீடு பற்றிய பெயர்பெற்ற நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். பெஞ்சமின் கிரஹாம், பிலிப் ஃபிஷர், பர்ட்டன் மால்கியல், பீட்டர் லிஞ்ச். எல்லாம் ஆங்கிலம், பாதிதான் புரிந்தது. இவற்றை எந்த வரிசையில் படிப்பது? தமிழிலேயே படிக்க வழியில்லையா? இவை நம் ஊருக்குப் பொருந்துமா? தங்கம் நல்லதா, நம் பங்குச் சந்தை நல்லதா?

பின்குறிப்பு: இங்கே தாம்வே பகுதியில் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்க முன்பணம் கட்டப்போகிறேன். என் சேமிப்பு முழுவதும் அதற்குத்தான். பக்கத்துக் கட்டடங்களைவிட முப்பது விழுக்காடு விலை குறைவு. கிரஹாம் சொல்லும் 'பாதுகாப்பு விளிம்பு' இதுதானே?

க.,
யாங்கோன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஒரு சமையல்காரரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். அவர் என் தாத்தா. உங்கள் பின்குறிப்பைப் படித்ததும் கிழித்ததை மறுபடி எழுத ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. ஆகவே உங்கள் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் கிடைக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடலாம். தங்கத்தைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், என்னைவிட அவருக்குத் தெரியும். தமிழில் வேண்டும் என்ற ஏக்கத்தை விடுங்கள். பாதி புரிகிற மொழியோடு மல்லுக்கட்டுகிறவன் மெதுவாகப் படிப்பான், இந்த நூல்களுக்கு அந்த வேகம்தான் சரி. மால்கியல் 1973இல் சொன்னதன் சாரம், சந்தையை வெல்லப் பார்க்காதே, சந்தை முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போடு என்பது. நல்ல யோசனைதான். ஆனால் சூலே பகோடா சாலையில் இருக்கும் நம் பங்குச் சந்தையில் 2016 மார்ச் 25 அன்று வியாபாரம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம். அதற்குப் பிறகு சேர்ந்தவற்றையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒற்றைக் கத்தரிக்காய் வைத்திருக்கும் கடையில் போய்க் கடை முழுவதையும் வாங்கு என்றால் எப்படி? அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் இந்திய ரிசர்வ் வங்கியின் ரங்கூன் கிளையாக இருந்தது. வெளியே நின்று தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குச் செலவில்லை. ஃபிஷர் 1958இல் எழுதியது, ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குமுன் அதன் போட்டியாளர், வாடிக்கையாளர், பழைய ஊழியர் என்று நாலு பேரிடம் விசாரி என்பது. நம்மவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதை நாள்தோறும் செய்கிறார்கள், பங்குதான் வாங்குவதில்லை. லிஞ்ச் காத்திருக்கட்டும்.

கிரஹாமுக்கு வருகிறேன், ஏனென்றால் அவருடைய பெயரைச் சொல்லித்தான் நீங்கள் கிணற்றில் குதிக்கப் பார்க்கிறீர்கள்.

அந்த மனிதர் அடிபட்டவர், தம்பி. சிறுவயதில் தந்தை போனார். 1907இல் அமெரிக்கச் சந்தையில் பீதி வந்தபோது தாயார் கடனுக்கு வாங்கியிருந்த பங்குகளோடு வீட்டுப் பணமும் போனது. வளர்ந்து, சம்பாதித்து, பிறர் பணத்தையும் சேர்த்து நிர்வகித்த பிறகு, 1929க்கும் 1932க்கும் நடுவில் அவர் கையிலிருந்த முதலில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கரைந்தது. 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' வந்தது 1934இல், 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' 1949இல். இரண்டையும் எழுதியது அந்த அடிதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் குறிப்பிடும் பாதுகாப்பு விளிம்பு, இரண்டாவது நூலின் இப்போது கிடைக்கும் பதிப்பில் இருபதாவது அத்தியாயம். நூறு பெறும் பொருளை அறுபதுக்கு வாங்கு, உன் கணிப்புப் பிசகினாலும் காலம் பிசகினாலும் அந்த நாற்பது தாங்கிக்கொள்ளும். இவ்வளவுதான் உங்களுக்கு நினைவிருக்கிறது. அதே அத்தியாயத்தில் சில பக்கங்கள் தள்ளி அவர் இன்னொன்று சொல்கிறார். விளிம்பு இருக்கிற ஒற்றைப் பொருளும் கெட்டுப்போகலாம். விளிம்பு தருவது லாபத்துக்கான கூடுதல் வாய்ப்பு மட்டும், நட்டம் வராது என்ற உறுதியை அது தராது. அதனால் பலவற்றில் பரப்பு, காப்பீட்டுத் தொழிலின் அடிப்படையே அதுதான் என்கிறார். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது உங்கள் விடுதியில் சாப்பாட்டு மணி அடித்திருக்க வேண்டும்.

என் தாத்தாவுக்குக் கிரஹாமைத் தெரியாது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து 1920களில் கப்பலேறி வந்தவர். ஐராவதி டெல்டாவில் பியாப்போனில், வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல். கடையின் பெயர் வேண்டாம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், இங்கே முகவர், அடுத்தாள், பெட்டியடிப் பையன். முகவருக்கு மூன்று ஆண்டுக் கணக்கு. முடிந்ததும் ஐந்தொகை போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார், அடுத்தவர் வருவார். முகவர்கள் மாறினார்கள், சமையல்காரர் மாறவில்லை. அவர்கள் தரையில் அமர்ந்து கணக்கெழுதும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே ஒரு மூங்கில் தட்டிதான். பேரேட்டில் என்ன எழுதினார்கள் என்று தாத்தாவுக்குத் தெரியாது. என்ன பேசினார்கள் என்று முழுக்கத் தெரியும்.

ஒவ்வொரு முகவரும் புதிய அடுத்தாளுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுவாம்: நிலம் நூறு பெறும் என்றால் ஐம்பதுக்கு மேல் கடன் கொடுக்காதே. நியூயார்க்கில் கிரஹாம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில், பியாப்போனில் மேல்துண்டு போட்ட மனிதர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடனிலும் விளிம்பு இருந்தது. பாதிக்குப் பாதி!

பிறகு ஏன் போனது?

இந்த இடத்தில்தான் நான் மூன்று முறையும் கிழித்தேன். இப்போதும் சரியாக வருமா தெரியவில்லை. கடன் வாங்கியவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரும் வேறு வேறு கிராமம், வேறு வேறு குணம். ஒருவர் குடிப்பார், ஒருவர் நாணயமானவர். பார்க்க நூறு முதலீடு மாதிரி இருக்கிறது. ஆனால் நூறு பேருக்கும் வருமானம் நெல். நூறு பேரும் ஈடு வைத்தது நெல் விளையும் நிலம். நெல் விலை இறங்கினால் நூறு பேராலும் ஒரே அறுவடையில் வட்டி கட்ட முடியாது, அதே வாரத்தில் நூறு நிலத்தின் மதிப்பும் இறங்கும். கையில் இருப்பது நூறு கடன் என்று நினைத்தவர் வைத்திருந்தது ஒரே கடன். கடனுக்குக் கடன் பார்த்தால் விளிம்பு இருந்தது, மொத்தமாகப் பார்த்தால் இல்லவே இல்லை.

1930இல் விலை இறங்கியது. பாதியாகி, அதற்கும் கீழே போனது. அதற்குச் சற்று முன்புதான் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் செட்டியார்களின் முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1937 வாக்கில் அது நூற்றுக்கு இருபத்தைந்து. தமிழ்நாட்டிலிருந்து எனக்கு எழுதும் சிலர் இந்தக் கணக்கைப் பெருமையாக எடுத்துச் சொல்வார்கள், நாம் பர்மாவில் கால்வாசியை ஆண்டோம் என்று. வெட்கமாக இருக்கிறது. அந்தக் கால்வாசியில் ஒவ்வொரு துண்டும் ஒரு பர்மிய விவசாயியின் வீட்டிலிருந்து வந்தது. அவன் அழுததும் உண்மை, நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முகவர் விழித்ததும் உண்மை. தாத்தா இதை அடுக்களை மொழியில்தான் சொல்வார்: "ஊர் நிலமெல்லாம் எங்கள் பெட்டிக்குள் இருந்தது, கடுகு வாங்கக் காசில்லை." விருந்தாளி வந்தால் இரண்டு பாயசம் என்பது ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்ததும் முகவர் பத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். நிலத்தை மூட்டை கட்ட முடியவில்லை. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. தாத்தாவுக்கு இங்கே மனைவியும் பத்து வயதுப் பையனும் இருந்ததால் அவர் போகவில்லை.

அந்தப் பையன் என் அப்பா. தையல்காரர். 1985 நவம்பரில் அரசு பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றபோது அவரிடம் கொஞ்சம் இருந்தது, வரிசையில் நின்று ஒரு பகுதியை மாற்றிவிட்டார். பிறகு 75 கியாட் நோட்டு புதிதாக வந்தது. இப்போதுதானே ஒழித்தார்கள், இன்னும் பத்து ஆண்டுக்குத் தொடமாட்டார்கள் என்பது அப்பாவின் கணிப்பு. பாருங்கள், அதிலும் ஒரு விளிம்பு இருக்கிறது. அக்காவின் கல்யாணத்துக்கு என்று பிஸ்கெட் டின்னில் 75 கியாட் நோட்டாகவே அடுக்கினார். 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 மூன்றும் செல்லாது, ஈடாக எதுவும் கிடையாது என்று வானொலி சொன்னது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமானது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்பா எங்கும் இறங்கவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, தைத்து முடிக்காத சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவரிடம் போய் ஏதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை.

கல்யாணம் நடந்தது, தை மாதத்தில். நடத்தியது பாட்டி. உடனே பாட்டியின் ஞானம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அவருக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது, தாத்தா உட்பட. அதனால் எதையும் ஓரிடத்தில் வைக்கமாட்டார். ஒரு சங்கிலி. ஒரு சீட்டு. மீன் விற்கும் பெண்ணுக்குக் கொடுத்த கைமாற்று. மூன்று மூட்டை அரிசி. பித்தளைப் பாத்திரங்கள். இவற்றில் சீட்டு நடத்தியவர் ஓடிப்போனார், அரிசியில் வண்டு விழுந்தது, மீன்காரப் பெண்ணின் கணவர் இறந்ததால் பாட்டி அந்தப் பணத்தைக் கேட்கவே இல்லை. ஐந்தில் மூன்று பாழ். சங்கிலியும் பாத்திரமும் கல்யாணத்துக்குப் போதுமானதாக இருந்தன.

நீங்கள் கெட்டிக்காரர், இப்போது என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கிரஹாமே பெரும் பணம் பார்த்தது ஒற்றை நிறுவனத்தில்தானே? ஆமாம். 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' 1973 பதிப்பின் பின்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1948இல் கெய்கோ என்ற காப்பீட்டுக் கம்பெனியில் பாதியை வாங்கினார்கள். இருபது ஆண்டுகளில் மற்ற எல்லா முதலீடுகளிலும் சேர்த்துக் கிடைத்ததைவிட அந்த ஒன்றில் கிடைத்த லாபம் மிக அதிகம். தன் புத்தகத்தின் விதிகளைத் தன் அதிர்ஷ்டமே கேலி செய்வதை ஒளிக்காமல் எழுதினார் பாருங்கள், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அந்தப் பின்னுரையில் ஒரு சின்ன விவரம் வருகிறது. அவர்கள் அதில் போட்டது தங்கள் நிதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கெய்கோ முழுகியிருந்தாலும் மறுநாள் அலுவலகம் திறந்திருக்கும்.

நீங்கள் போடுவது ஐந்தில் ஐந்து. அதுவும் கட்டி முடியாத கட்டடத்தில், ஒரே ஒருவர் கொடுக்கும் கையெழுத்தை நம்பி. 2025 மார்ச்சில் நிலநடுக்கத்தில் மாண்டலேயில் அடுக்கு மாடிகள் விழுந்ததைப் பார்த்த பிறகுமா? இந்த வரியில் உங்களை 'நீ' என்று எழுதி, அடித்து, திரும்ப 'நீங்கள்' ஆக்கியிருக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தைவிட முப்பது விழுக்காடு குறைவு என்கிறீர்கள். ஏன் குறைவு என்று கேட்டீர்களா? பக்கத்துக் கட்டடத்தின் விலையே சரிதான் என்று யார் சொன்னது? பியாப்போன் முகவரும் நிலம் நூறு பெறும் என்பதைப் பக்கத்து நிலத்தின் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். நான்கு ஆண்டு வெக்கையில் கப்பலின் வயிற்றுக்குள் நின்று இரும்பைப் பற்றவைத்துச் சம்பாதித்த பணம் அது. அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, வேறு ஒன்றுமில்லை.

முன்பணம் கட்டும் தேதியை நீங்கள் எழுதவில்லை. எந்தத் தேதியாக இருந்தாலும் அதற்கு முந்தைய ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள், பத்து மணிக்கு மேல் கோயிலுக்குப் போய்விடுவேன். ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வாருங்கள். கட்டுபவர் இதற்கு முன் கட்டிய கட்டடங்கள் எங்கே என்று கேட்டு, அங்கே குடியிருக்கும் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டு வாருங்கள். ஃபிஷரைப் படித்ததற்கு அந்தப் பயனாவது இருக்கட்டும்.

வரிசை கேட்டிருந்தீர்கள் இல்லையா? இருபதாவது அத்தியாயத்தின் பின்பாதி, அப்புறம் பின்னுரை. மற்றவை நேரில்.