சாமி கண்ணைக் குத்துமா? – வாசகர் கேள்வி பதில்

சமயமும் பிள்ளை வளர்ப்பும் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை சமயபாட ஆசிரியர்களும் உளவளத்துணையாளர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் நானும் மாமியும் விரதம் பிடிப்போம். கைக்குழந்தையிலிருந்தே இரண்டு பிள்ளைகளையும் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோகிறோம். மகள் (19) சொல்லாமலே தேவாரம் பாடுகிறாள். மகன் (16) கடவுள் இல்லை என்கிறான், திருநீறும் பூசுவதில்லை. ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. எங்கே பிழைத்தது?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வீடு ஒன்றுதான். வளர்ப்பும் ஒன்றா என்று கொஞ்சம் பார்ப்போம். "நானும் மாமியும் விரதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் பிள்ளைகளின் அப்பா எங்கேயும் வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் விரதம், பூப்பறித்தல், சாமி அறை விளக்கு எல்லாம் பெண்கள் பாடு. அப்பா மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை கோயில் வீதியில் நின்று அரசியல் கதைப்பார். மகள் உங்களோடு சேர்ந்து மோதகம் பிடித்து வளர்ந்திருப்பாள். மகனுக்கு அந்த நேரம் ரியூசன். அவன் கண்ணுக்குச் சமயம் என்பது அம்மாக்களின் வேலை.

ஜோசப் ஹென்ரிக் என்ற மானிடவியலாளர் 2009-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும். பெரியவர்கள் வாயால் சொல்வதை மட்டும் வைத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. சொன்னதற்காக அவர்கள் எதை இழக்கிறார்கள், பசியையா, நேரத்தையா, காசையா என்று பார்க்கிறார்கள். நீங்கள் ஆறு நாள் பட்டினி கிடப்பது பிள்ளைக்கு ஒரு சாட்சி. "சாமி கும்பிட்டிட்டுப் படி" என்று சொல்லிவிட்டுத் தான் தொலைக்காட்சி பார்க்கும் அப்பாவும் சாட்சிதான், எதிர்ப்பக்கத்துக்கு. நம்பிக்கையின்மை பற்றிப் பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலும், இப்படிப்பட்ட செயல்களைக் குறைவாகக் கண்டு வளர்ந்ததே வலுவான காரணமாகத் தெரிந்தது. அறிவியல் படிப்போ வாதத்திறமையோ அந்த அளவுக்கு வரவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் அப்பாவின் தலையில் கட்டவேண்டாம். மினசோட்டாவில் இரட்டையரான ஆண்களை வைத்து 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சமயப்பற்றில் ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டில், ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு சிறுவயதில் 56 வீதம். வளர்ந்தபின் 18 வீதம். பரம்பரையின் பங்கு 12-இலிருந்து 44-க்கு ஏறியது. அமெரிக்கக் கணக்கு, அப்படியே சுன்னாகத்துக்கும் கோண்டாவிலுக்கும் ஒட்டாது. என்றாலும் போக்கு விளங்கும். பத்து வயதில் பிள்ளை வீட்டைப்போல இருக்கும். இருபதில் தன்னைப்போல இருக்கும்.

இனிச் செய்யவேண்டியது. திருநீற்றுச் சண்டையை இன்றோடு விடுங்கள். நித்திரையில் இருக்கும்போது நெற்றியில் பூசிவிடும் தாய்மாரும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். பிறகு, வாதம் செய்யாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எது உனக்குப் பிடிக்கேல்லை?" பெரும்பாலும் மூன்றில் ஒன்று வரும்.

விஞ்ஞானத்தோடு ஒத்துவரவில்லை என்றால், உயிரியலும் சைவசித்தாந்தமும் இரண்டும் தெரிந்த ஒருவரிடம் கதைக்க விடுங்கள். உலகம் இத்தனையாம் ஆண்டில் படைக்கப்பட்டது என்று சித்தாந்தம் எங்கும் அடம்பிடிப்பதில்லை; பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டுவது) என்ற மூன்றும் அனாதி என்பதே அதன் நிலை. கூர்ப்புக்கு அங்கே பெரிய இடைஞ்சல் இல்லை. கோயிலில் கண்ட அநியாயம் என்றால், சாதியோ காசுக்கேற்ற மரியாதையோ எதுவானாலும், கோயிலுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். 1968-இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சனம் போராடவேண்டி இருந்தது. அதை மறைத்தால் அவன் வேறிடத்தில் அறிவான். அன்றைக்கு உங்கள் மற்றச் சொல்லும் மதிப்பிழக்கும். மூன்றாவது, வெறும் சலிப்பு. அதற்கு மருந்து காலம்தான்.

பொங்கல், தேர் நாள், அம்மம்மாவின் திவசம் இவற்றில் இருந்து அவனை ஒதுக்கவும் வேண்டாம், அங்கே வைத்து நெற்றியைச் சோதிக்கவும் வேண்டாம். தென் கலிபோர்னியாவில் 1970-இல் தொடங்கிப் பல தலைமுறைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பெற்றோரின் சமயம் பிள்ளைக்குக் கடத்தப்பட்டதா என்பதில் உறவின் நெருக்கம், குறிப்பாகத் தகப்பனின் அன்பு, பெரிய பங்கு வகித்தது. எவ்வளவு பக்தியுள்ள தகப்பனானாலும் அன்பில்லாமல் தள்ளி நின்றால், அந்தச் சமயம் பிள்ளைக்குக் குறைவாகவே கடந்தது.

கேள்வி: எல்லாக் குழந்தைகளும் பிறக்கும்போது நாத்திகர்கள்தான், பெற்றோர்தான் கெடுக்கிறார்கள் என்று நண்பர் வாதாடுகிறார். சரியா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: பாதிகூடச் சரியில்லை. கடவுளின் பெயரோடு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை, அதுமட்டும் உண்மை. ஆனால் எதற்கும் ஒரு நோக்கம் இருக்கும் என்று எண்ணுவது சின்னப்பிள்ளையின் இயல்பு. பாறை ஏன் கூராக இருக்கிறது என்று கேட்டால், மிருகங்கள் உடம்பைச் சொறிவதற்கு என்ற விடையை ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் விரும்பித் தெரிகிறார்கள் என்று டெபோரா கெலெமென் என்ற உளவியலாளர் காட்டினார். அந்த நிலத்தில் என்ன விதை விழுகிறது என்பதுதான் வளர்ப்பு. முருகனா, மாதாவா, அல்லாவா, "இயற்கைதான்" என்ற விளக்கமா என்பதை வீடும் ஊரும் தீர்மானிக்கின்றன.

கேள்வி: நாங்கள் இருவரும் நம்பிக்கை இல்லாதவர்கள். மகள் அடுத்த தவணை பாடசாலை போகிறாள். சமயபாடத்தை என்ன செய்வது? அப்பம்மா ஏடு தொடக்கியே தீரவேண்டும் என்கிறா. "சாமி கண்ணைக் குத்தும்" என்றும் பயமுறுத்துகிறா.
– ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். "சமயம் இல்லை" என்றொரு தெரிவு அங்கே கிடையாது. சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை வைத்து அதிபரோடு வழக்காடினால் வகுப்பில் தனித்துப்போவது நீங்களல்ல, அவள்தான். ஆகவே ஒரு சமயத்தைத் தெரிந்து, அதை அறிவாகப் படிக்க விடுங்கள். சைவநெறி எடுத்தால் தேவாரமும் திருவாசகமும் வரும். நம்பாத வீட்டிலும் அவை நல்ல தமிழ்.

வீட்டில் அவளுக்கு மூன்று விசயம் தெளிவாகச் சொல்லிவைக்கலாம். ஒன்று, "அப்பாவும் அம்மாவும் இப்படி நினைக்கிறோம், அப்பம்மா வேறமாதிரி நினைக்கிறா, நீ வளர்ந்து யோசி." இரண்டு, பிரார்த்தனை நேரம் வகுப்பில் எழும்பி நிற்பது மரியாதை. மூன்று, மற்றப் பிள்ளையின் சாமியைக் கேலி செய்யக்கூடாது. நம்பிக்கையற்ற பெற்றோர் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். அப்பா வீட்டில் அடிக்கும் நக்கலைப் பிள்ளை வகுப்பில் கொட்டிவிட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு வரும்.

ஏடு தொடக்குவதைத் தடுக்காதீர்கள், நடக்கட்டும். பச்சை அரிசியில் "அ" எழுதிய பிள்ளை அதனால் பக்தையாகிவிடுவதில்லை. கண்ணைக் குத்தும் கதையில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். நம்பிக்கையுள்ள வீடுகளுக்கும் இதையே சொல்வோம். பயத்தில் கட்டிய நம்பிக்கை, பிள்ளை ஒருநாள் துணிந்து பிழை செய்து, கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று கண்டதும் விழுந்துவிடும். அப்பம்மாவைப் பிள்ளைக்கு முன்னால் திருத்தாதீர்கள். தனியே, "பயம் காட்டாமல் கதை சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டால் போதும். கண்ணப்பர் கதையையே சொல்லலாம். அங்கே கண்ணைக் கொடுப்பவர் அடியார்.

கேள்வி: இருநூறு வருசமாக மிசன் பாடசாலைகள் இருந்தும் யாழ்ப்பாணம் ஏன் சைவமாகவே நிற்கிறது? பள்ளிக்கூடம் நம்பிக்கையை மாற்றாதா?
– வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: மாற்றும் என்று மிசனரிகள் நம்பினார்கள்; வீடுதான் தடை என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பகலில் வேதம் படிக்கும் பிள்ளை இரவு திரும்பிப்போவது சாமி அறை உள்ள வீட்டுக்கு. அதனால்தான் 1816-இல் வந்த அமெரிக்க மிசன் விடுதிப் பாடசாலைகளில் அவ்வளவு அக்கறை காட்டியது. உங்கள் ஊர்ச் செமினறி 1823-இலும், உடுவில் பெண்கள் பாடசாலை 1824-இலும் தொடங்கின. மதம் மாறியவர்கள் உண்டு. ஆங்கிலத்தையும் கணிதத்தையும் வாங்கிக்கொண்டு சைவராகவே வெளியேறியவர்களும் பலர். செமினறி 1855-இல் மூடப்பட்டது.

ஆறுமுக நாவலர் (1822–1879) இதற்கு நல்ல உதாரணம். சைவக் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் யாழ் மத்திய கல்லூரியான வெஸ்லியன் பாடசாலையில் படித்தார், அங்கேயே கற்பித்தார், பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். இத்தனையும் அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை. கிறிஸ்தவர்களின் கருவிகளைக் கற்றுக்கொடுத்தது. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, தரம் பிரித்த பாலபாடங்களையும் வினாவிடை வடிவிலான சைவ நூலையும் அச்சிட்டார். வீட்டுப் பழக்கமாக மட்டும் இருந்த சமயம் அங்கே பாடமாயிற்று.

மறுபக்கம் ஏபிரகாம் கோவூர் (1898–1978). திருவல்லாவில் மார்த்தோமாத் திருச்சபைக் குருவின் மகன். அதே மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று சவால் விட்டவர். பாதிரியார் வீட்டு வளர்ப்பு அவரை நாத்திகர் ஆவதிலிருந்து தடுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கம் செய்யும் சுறுசுறுப்பு அந்த வீட்டுச் சொத்து என்றே எங்களுக்குப் படுகிறது.

கேள்வி: நான் சைவம், மனைவி கத்தோலிக்கர். பிள்ளையை இரண்டிலும் வளர்க்கலாமா?
– குருநகர் வாசகர்

பதில்: வளர்க்கலாம், ஆனால் முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். திருமணம் கத்தோலிக்கத் தேவாலயத்தில் அனுமதி பெற்று நடந்திருந்தால், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னாலான எல்லாம் செய்வதாக மனைவி வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கு உங்களுக்கும் அறிவிக்கப்பட்டிருக்கும். அதைப் பேசாமல் பிள்ளைப் பெயர்வைப்பு வரை இழுத்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும். பாடசாலையில் படிக்கப்போவது ஒரு சமயபாடம்தான். இடையில், அதுவும் தரம் 10-க்குப் பிறகு, மாற்றுவது பிள்ளைக்குப் பெரும் சுமை. பெற்றோர் இருவரும் இரு சமயமாக இருக்கும் வீடுகளில் இரண்டுமே மெலிந்துபோகும் வாய்ப்புக் கூட. அதை ஏற்றுக்கொள்ள முடியுமென்றால் நல்லூருக்கும் மடுவுக்கும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையாருக்கு 108 மோதகம் நேர்ந்தோம். வெட்டுப்புள்ளி எட்டவில்லை. "பிள்ளையார் பேய்க்காட்டிப்போட்டார்" என்கிறான் மகன். இனி நேர்த்தியைச் செய்வதா, விடுவதா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: "சித்தியடைந்தால் தருவேன்" என்று நேர்ந்திருந்தால் கடன் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் காட்டியது ஒரு வியாபாரம்; சாமான் வரவில்லை, அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "உனக்கு நம்பிக்கை காணாது" என்று பழியை அவன் மேல் போடாதீர்கள். பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு தோல்வி ஆகிவிடும். "நேர்ந்தது நான், பரீட்சை எழுதினது நீ, வெட்டுப்புள்ளி பிள்ளையார் கையில் இல்லை" என்று சொல்லுங்கள். மோதகம் அவிக்க விருப்பமென்றால் 108 வேண்டாம், வீட்டுக்கும் அயலுக்கும் போதுமானதாய் இருபது அவித்துக் கொடுங்கள். அடுத்தமுறை நேர்வதென்றால் பரீட்சைக்கு முன்னமே செய்து முடித்துவிடுங்கள். பெறுபேற்றோடு முடிச்சுப் போடாதீர்கள்.