பேசாதிருக்க வேண்டியவர் யார்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்திலுள்ள எங்கள் சபைக்குப் போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டுமே வருகிறார். மற்ற ஞாயிறுகளில் ஒரு சகோதரி செய்தி கொடுக்கிறார். சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்க, இது முறையா? ஊழியத்தில் பெண்ணின் பங்கு உண்மையாய் உதவிசெய்வதோடு நிற்க வேண்டாமா? — சபை மூப்பர் ஒருவர்

பதில்: மூப்பர் அவர்களே, நீங்கள் சுட்டுவது 1 கொரிந்தியர் 14:34. அதே அதிகாரத்தின் 28ஆம், 30ஆம் வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். அர்த்தஞ்சொல்ல ஆளில்லாவிட்டால் அந்நியபாஷையில் பேசுகிறவன் சபையிலே பேசாமலிருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் மற்றொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால், முந்திப் பேசினவன் பேசாமலிருக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் மூன்று இடத்திலும் வருவது ஒரே வினைச்சொல். முதல் இரண்டையும் ஆராதனை ஒழுங்கு என்று வாசித்துக் கடந்துபோகிற நாம், மூன்றாவதை மட்டும் பெண்களுக்கு ஆயுள்கால வாய்ப்பூட்டாக்கி வைத்திருக்கிறோம். இதே நிருபத்தின் 11:5, ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனஞ்சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. பேசவே கூடாதவளுக்கு முக்காடு எதற்கு?

உபதேசம்பண்ணப் பெண்ணுக்கு உத்தரவில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12 இதைவிடக் கடினமான வசனம் என்பதை மறைக்க மாட்டேன். அதைக் கொண்டு போதகர் பொறுப்பை ஆண்களுக்கே ஒதுக்கும் சபைகள் உண்டு. மனச்சாட்சியோடு அப்படி நம்புகிறவர்களை நான் பரிகசிப்பதில்லை. ஆனால் பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும், வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவையே அழைத்துக்கொண்டுபோய் தேவமார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் கொடுத்ததை அவர்களும் வாசிக்கத்தான் வேண்டும்.

‘உதவிசெய்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமர் 16:1இல் பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான், பவுல் 1 கொரிந்தியர் 3:5இல் தமக்கும் அப்பொல்லோவுக்கும் சூட்டுகிறார். அவளை வெறும் உதவிக்காரியாக்கினால், பவுலையும் அந்த வாங்கிலேயே உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

நம்முடைய மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. வெளியாண்களுக்கு, அதிலும் வெள்ளைக்கார மிஷனரிமாருக்கு, வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேச இடமில்லாத காலத்தில், படலையைத் திறந்து அடுப்படி வரை சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்கள், வீடுவீடாய்ப் போய் வேதம் வாசித்துச் சொல்லிக்கொடுத்த வேதாகம ஸ்திரீகள்தாம். அந்தப் படலைகளுக்குள் அவர்கள் பேசாதிருந்திருந்தால், இன்று பேசலாமா கூடாதா என்று விவாதிக்க நம்மில் பலருக்குச் சபையே இருந்திராது.

வன்னிக்கு இது தூரத்துக் கதையுமல்ல. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எங்கள் வரிசையில் இரவு ஜெபத்தை நடத்தியவர் கணவனை இழந்த ஓர் அக்கா. தரப்பாளுக்குக் கீழே குப்பி விளக்கைப் புத்தகத்தோடு ஒட்டிப் பிடித்து 91ஆம் சங்கீதத்தை வாசிப்பார். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க உடனே விளக்கை ஊதிவிட்டு, இருட்டிலேயே அதை விளக்கிச் சொல்லுவார். ஆண்களும் இருந்தோம், மூப்பர்மாரும் இருந்தார்கள். 1 கொரிந்தியர் 14:34 அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அது ஞாபகம் வருவது கூரையும் ஒலிவாங்கியும் வந்த பிறகுதான் என்பது என் அனுபவம்.

ஆகவே, அந்தச் சகோதரி செய்தி கொடுப்பது முறைதான். அவர் சொல்வது வேதத்துக்கு ஒத்திருக்கிறதா என்று ஆராயுங்கள். போதகரையும் அப்படித்தான் ஆராய வேண்டும். கிழமை நாட்களில் வீடு சந்திக்க அவர் மிதிக்கும் சைக்கிளுக்கு டயர், டியூப் வாங்கக் காணிக்கைப் பணத்தில் ஏதேனும் ஒதுக்கப்படுகிறதா என்பதையும் நிர்வாகக் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில் போதகரின் பெயரை நான்கு இடங்களில் எழுதியிருந்தீர்கள். சகோதரியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பவுல் ரோமருக்கு எழுதிய கடைசி அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லியே எழுதுகிறார்.